பூட்டும் சாவியும் ஒரு மலிவுக் கைப்பேசியும்

கைப்பேசி வாங்கச் செல்பவர்கள் கடையில் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை நாள் தாங்கும், தவணையில் தருவீர்களா, உறை இலவசமா என்பனவே அவை. "இதன் பூட்டைத் திறக்க நிறுவனம் சாவி தருமா?" என்று கேட்டவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. கேட்டாலும், திரைப்பூட்டைப் பற்றிய கேள்வி என்று கருதிக் கடைக்காரர் விரல்ரேகை வைத்துத் திறந்து காட்டுவார். ஆயினும், குறைந்த விலையில் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கி அதை 'ரூட்' செய்ய விரும்புகிறவருக்கு முதல் வினா அதுதான். மற்றவை அதற்குப் பின்பு.

ரூட் என்ற சொல்லின் வரலாறு எளியது. யுனிக்ஸ் மரபில் கணினியின் கோப்புகளையெல்லாம் தலைகீழாக நிற்கும் ஒரு மரமாகக் கருதுவர். அம்மரத்தின் தொடக்கப்புள்ளிக்கு வேர் என்று பெயர். எதையும் படிக்கவும் திருத்தவும் நீக்கவும் உரிமையுள்ள பயனருக்கும் அதே பெயர். ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருவின்மீது எழுப்பப்பட்டது. ஆகவே அதிலும் அந்த வேர்ப்பயனர் உண்டு. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் அந்தப் பயனர் அல்லர். அவர் வாடகைக்குக் குடியிருப்பவரைப் போன்றவர். ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. அந்த வேருரிமையைப் பெறுவதே ரூட் செய்தல்.

ஆண்ட்ராய்டின் முதல் கைப்பேசியான எச்.டி.சி. டிரீம் 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. மறு மாதமே அதில் ஒரு வேடிக்கையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகள் யாவும் திரைக்குப் பின்னால் வேர்ப்பயனரின் கட்டளைகளாகவும் ஓடிக்கொண்டிருந்தன. நண்பருக்கு எழுதும் செய்தியில், ஒரு வரியில் 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தட்டி அனுப்பினால் கருவி அணைந்து மீண்டும் எழும். அந்த ஓட்டை விரைவில் அடைக்கப்பட்டது. ஆனால் அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் மீண்டும் வெளியே நிற்கச் சம்மதிக்கவில்லை.

தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருந்தது. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் விற்ற பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்களே தெரியும். கருவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துருக் கோப்பு இருக்க வேண்டிய இடமோ பயனர் தொடக்கூடாத அமைப்புப் பகுதி. ஆகவே தமிழ் படிப்பதற்காகவே கைப்பேசியை ரூட் செய்து, எழுத்துருவை உள்ளே வைத்தவர்கள் அன்று இருந்தார்கள். அப்படி வைத்த பின்னும் இன்னல் தீரவில்லை. ஒருங்குறியில் மெய்யெழுத்து முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது இயங்குதளத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அறியாத பதிப்புகளில் 'கெ' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னே சென்று நிற்கும். ரூட் செய்ய அஞ்சியவர்கள் ஓப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளைப் படமாக மாற்றித் தரும்படி ஒரு தெரிவை இயக்கிப் படித்தார்கள். சங்கப் பாடல்களைப் படமாக வாங்கிப் படித்த காலம் அது.

2011 அக்டோபரில் அறிமுகமான 4.0 பதிப்போடு தமிழுக்கு இந்நிலை மாறத் தொடங்கியது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவை 2012இல் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தன. கைப்பேசியின் பட்டியல்களும் அறிவிப்புகளும் தமிழில் வர 2014இன் 5.0 பதிப்பு வரை காத்திருந்தோம். இந்த வரிசையை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இன்றும் இரண்டு எழுத்துகளும் வேண்டும்.

அந்த வீடு அம்மையார்குப்பத்தில் இருக்கிறது. திருத்தணி வட்டாரத்து நெசவூர். ஆந்திர எல்லை அருகே. மாநில எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் தெலுங்கில் எழுத்தறிந்தவர்கள் இங்கே முதியோராக இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். நம்மிடம் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் அவ்வூரார். தந்தை விசைத்தறி நெய்பவர். "பத்தாயிரத்துக்குள் ரூட் செய்ய ஏற்ற போன் எது, ஐயா?" என்று அவர் சென்ற ஆண்டு நம்மிடம் கேட்டார். எதற்கு என்று வினவினோம். பாட்டிக்குத் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரியும். கைப்பேசியிலுள்ள தெலுங்கு எழுத்தின் மெல்லிய கோடுகள் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அளவைப் பெரிதாக்கியும் பயனில்லை. எழுத்துருவையே தடித்த ஒன்றாக மாற்ற வேண்டும் என்றார். கூடவே, நீக்க முடியாதபடி நிறுவனம் திணித்த செயலிகளையும் விளம்பரங்களையும் களைய வேண்டுமாம். எழுத்துருவுக்காக ரூட் செய்யும் இன்னொருவரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சந்தித்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அவர் முதலில் கைவைக்க நினைத்தது வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியில். நெசவுக் கூலி வந்து சேர்வதும், நூல்காரருக்கும் மளிகைக்கும் பணம் செல்வதும் அதே கருவி வழியாகத்தான். தந்தை சொன்ன மறுப்பை மாணவர் நம்மிடம் அப்படியே ஒப்பித்தார்: "தறியப் பிரிச்சா நானே மாட்டிடுவேன். இதப் பிரிச்சா யாருடா மாட்டுவாங்க?"

இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் கைப்பேசித் தேர்வுக்கு வேண்டிய இலக்கணம் முழுதும் கிடைத்துவிடும் என்று நமக்குத் தோன்றிற்று. தறியை ஏன் அவரால் மாட்ட முடிகிறது? திறக்கும் திருகாணிகள் அவர் கைக்கு எட்டுகின்றன. மாற்று உறுப்பு கிடைக்கிறது. ஐயம் வந்தால் கேட்க, அதே தறி ஓட்டும் பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். கைப்பேசிக்கும் இம்மூன்றையுமே பார்க்க வேண்டும்.

முதலாவது, திருகாணி. பூட்லோடர் என்னும் தொடக்க நிரல், நிறுவனம் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே ஓடவிடும். அந்தப் பூட்டை முறைப்படி திறக்க நிறுவனம் வழி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுளின் பிக்சல் கருவிகளில், நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியவற்றுக்கு அமைப்பிலேயே வழி உண்டு. மோட்டரோலா, தன் பட்டியலிலுள்ள மாதிரிகளுக்கு இணையவழி விண்ணப்பத்தின் பேரில் திறப்பு எண் தருகிறது. உத்தரவாதம் போய்விடும் என்ற எச்சரிக்கையோடு. நத்திங் நிறுவனத்தின் சி.எம்.எஃப். போன் 1, 2024 ஜூலையில் ரூ.15,999 தொடக்க விலையில் வந்தது. அதையும் எளிதில் திறக்கலாம். சியோமியில் முன்பெல்லாம் விண்ணப்பித்துப் பெரும்பாலும் ஒரு வாரம் காத்திருந்தால் போதும்; ஹைப்பர்ஓஎஸ் வந்தபின் செயலி வழியே அனுமதி கேட்டு, ஒதுக்கீட்டுக்குள் இடம்பிடிக்க வேண்டியதாயிற்று. ஹுவாவே 2018இல் திறப்பு எண் தருவதையே நிறுத்திவிட்டது. சாம்சங்கில் ஒரு முறை மாற்று மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின்னணு உருகி எரிந்து, திரும்பப் பெற முடியாத அடையாளம் பதியும். அதன்பின் பாதுகாப்புக் கோப்புறை போன்ற வசதிகள் இயங்கா.

பழைய கைப்பேசி வாங்குகிறவர் இதைக் கடையிலேயே சோதிக்கலாம். அமைப்புப் பகுதியில் 'பில்டு எண்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் உருவாக்குநர் விருப்பங்கள் திறக்கும். அங்கே 'ஓ.இ.எம். அன்லாக்கிங்' என்ற பொத்தான், இணைய இணைப்பு இருந்தும், மங்கி அசையாமல் கிடந்தால் ஐயத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவது நலம். அசைந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று; மீதிப் பாதி நிறுவனத்தின் விதிகளில் இருக்கிறது.

இரண்டாவது, மாற்று உறுப்பு. தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016இல் வெளியிட்ட மேஜிஸ்க் இன்று பரவலாகப் பயன்படும் ரூட் கருவி. அது அமைப்புப் பகுதியைத் தொடாமல், தொடக்கக் கோப்பை மட்டும் திருத்தி வேலை செய்கிறது. அதற்கு நம் கருவியின் அதே மாதிரிக்கும் அதே பதிப்புக்குமான மூல மென்பொருள் கையில் வேண்டும். தவறு நேர்ந்தால் கருவியை உயிர்ப்பிக்கவும் அதுவே மருந்து. அம்மென்பொருளை வெளிப்படையாகத் தரும் நிறுவனமா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் கரு பொது உரிமத்தின் கீழ் உள்ளதால், தாம் திருத்திய கருவின் மூலநிரலை வெளியிட வேண்டியது நிறுவனங்களின் கடமை. கடமையை உடனே செய்வோரும் உண்டு, இழுத்தடிப்போரும் உண்டு.

மூன்றாவது, பக்கத்து வீட்டார். 2017 ஜனவரியில் ரெட்மி நோட் 4 இந்தியாவில் ரூ.9,999 தொடக்க விலையில் வந்தது. எண்ணற்றோர் வாங்கினர், ஆகவே எண்ணற்றோர் திறந்தும் பார்த்தனர். நிறுவனம் கைவிட்ட பின்பும் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் அதற்குப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளை அமைத்துத் தந்தார்கள். 2016 இறுதியில் சயனோஜென்மாட் நின்றுபோனபோது அதன் வழித்தோன்றலாக எழுந்த லீனியேஜ் ஓஎஸ் அவற்றுள் ஒன்று. விலையுயர்ந்த, அரிதான கருவியைவிடப் பலர் கையிலிருக்கும் எளிய கருவியே ரூட் செய்ய ஏற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இதே கைப்பேசி ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 2016இல் சீனாவில் ரெட்மி நோட் 4 என்ற அதே பெயரில் வந்த கருவி மீடியாடெக் சில்லு கொண்டது. இந்தியாவுக்கு வந்ததோ குவால்காம் சில்லு கொண்டது. முன்னதன் உட்பெயர் நிக்கல், பின்னதன் உட்பெயர் மிடோ. ஒன்றுக்கான மென்பொருளை மற்றொன்றில் ஏற்றினால் கருவி கல்லாகிவிடலாம். வருகைப்பதிவேட்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைக்கிறோம் அல்லவா? கைப்பேசிக்கு உட்பெயரே தலைப்பெழுத்து.

இம்மூன்றும் பொருந்தினாலும் ஒரு வரம்பு மிஞ்சுகிறது. பூட்டைத் திறந்தால் கருவியிலுள்ள தரவு முழுதும் அழியும். ஆதலின் படியெடுத்து வைக்காமல் தொடங்கலாகாது. திறந்த பின் வங்கிச் செயலிகள் பலவும் ஓட மறுக்கும். மறைத்து ஓட்டும் தந்திரங்கள் உண்டு; இன்று பலிப்பது நாளை பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. வேருரிமை பெற்ற ஒரு தீய செயலி எதையும் செய்ய வல்லது என்பதால் வங்கிகளின் அச்சத்தை முற்றிலும் பழிக்கவும் நம்மால் இயலவில்லை. ஆகவே, கூலி வந்து சேரும் கருவியை ரூட் செய்யலாகாது. அது இரண்டாவது கருவிக்கு உரிய வேலை. மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சற்றே வாடியது. "ரெண்டாவது போனுக்கு எங்க போறது, ஐயா?" என்றார். நியாயமான கேள்வி.

சில மாதம் பணம் சேர்த்துப் பழைய மோட்டரோலா ஒன்றை வாங்கினார். பொத்தான் அசைந்தது, மாதிரி பட்டியலில் இருந்தது, திறப்பு எண்ணும் வந்தது. ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. தடித்த தெலுங்கு எழுத்துரு உள்ளே சென்றது. பாட்டி இப்போது நகரியில் இருக்கும் உறவினர் அனுப்பும் செய்திகளைப் பேரனைக் கூப்பிடாமல் தாமே படிக்கிறாராம். தந்தையின் கைப்பேசி பூட்டியது பூட்டியபடி கூலியை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இது நன்றாக முடிந்த கதைதான். எனினும் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. ஒரு கருவியை ஏழெட்டு ஆண்டு வைத்து ஓட்ட வேண்டிய தேவை யாருக்கு? ஆண்டுக்கொரு கைப்பேசி மாற்றுகிறவருக்கு அன்று, நெசவாளர் வீட்டுக்குத்தான். ஆனால் விளம்பரமும் நீக்க முடியாத செயலிகளும் நிறைந்து, சில ஆண்டுகளிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோய் வருவது பெரும்பாலும் மலிவுக் கைப்பேசிதான். சாவி தரும் கதவுகளும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. சாம்சங் 2025இல் ஒன் யூ.ஐ. 8 பதிப்போடு தன் புதிய கருவிகளில் அத்தெரிவையே எடுத்துவிட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைவை அமைக்க நம் நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகளோடும் வாகனங்களோடும் கைப்பேசியையும் அதன் வரம்பில் சேர்த்தது. உதிரி உறுப்பும் கையேடும் கிடைப்பது நன்று. நிறுவனம் கைவிட்ட கருவியின் மென்பொருளைத் தாமே மாற்றிக்கொள்ளும் சாவியும் அவ்வுரிமையின் பகுதியாக வேண்டும் என்பது நம் கருத்து. உத்தரவாதம் முடிந்த நாளிலாவது அதைக் கொடுத்துவிடலாம்.

அதுவரை, மலிவுக் கைப்பேசி வாங்கும் அன்பர்கள் மெகாபிக்சலைக் கேட்கும் மூச்சிலேயே சாவியையும் கேட்கட்டும். இன்று ரூட் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் கேட்கட்டும். கேட்பவர் ஒருவரும் இல்லை என்பதுதான், தராமல் இருப்பவர்களுக்கு இருக்கும் பெரிய வசதி.