அது கல் இல்லை, உயிர்



போன பள்ளி விடுமுறையில நம்ம இளைஞர் பிரிவு பிள்ளைகளோட மெர்சிங்ல படகேறி தியோமான் தீவுக்குப் போய் வந்தோம். கடல் பூங்காவுக்குக் கட்டணம் கட்டி, வழிகாட்டியோட ஸ்நோர்கெலிங். மீன் பார்க்கலாம்னுதான் போனோம்.

இறங்கின கொஞ்ச நேரத்துல எங்களில் ஒருத்தர் களைச்சுப்போய் பவளப்பாறை மேல ஏறி நின்னுட்டார். வழிகாட்டி பதறிட்டார். படகுக்கு வந்ததும் விளக்கினார்: பவளம் கல் இல்லை, ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் கட்டின வீடு. சில வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. உள்ளே வாழும் நுண்பாசிதான் அதுக்குச் சாப்பாடும் நிறமும் தருது. கடல் சூடானா பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துடும். 2010-ல அப்படி வெளுத்தப்போ தியோமான், ரெடாங் பக்கம் சில டைவிங் இடங்களை அரசாங்கமே சில மாதம் மூடி வைத்தது.

கோயில் வாசல்ல செருப்பைக் கழற்றுகிற நாங்க, அங்கே காலோடு மிதிச்சுட்டோமே!

திரும்பி வரும்போது இன்னொண்ணும் உறுத்தியது. மாசி மகத்துக்குக் கடல்ல விட்ட மாலைகளில் நைலான் கயிறு இருந்தது. சில பூக்கள் பிளாஸ்டிக் பையோடவே போச்சு. அந்த ஏற்பாடு முழுக்க எங்க பொறுப்பு. யாரும் கேட்கலை, நாங்களும் யோசிக்கலை.

அடுத்த மாசி மகத்துக்கு மாலையெல்லாம் வாழைநாரில்தான். கரையிலேயே கூடை வைத்து நிற்போம். பை, கயிறு எல்லாம் அதுல போட்டுட்டு, கைப்பிடி பூ மட்டும் கடலுக்கு. மாலை கட்டத் தெரிந்த அம்மாக்கள், அக்காக்கள் முன்கூட்டியே சொல்லுங்க, நார் நாங்க வாங்கித் தர்றோம்.