லைனா, லோக்கலா?

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வாரம் ஹெவி லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். "தாத்தா, லைன்ல போகட்டுங்களா, லோக்கல்லயே ஓட்டட்டுங்களா?" என்று கேட்டான். 1978இல் நாமக்கல்லில் இதே கேள்வியோடு நானும் நின்றவன்தான்.

லாரித் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லோக்கல் என்றால் சங்ககிரியிலிருந்து சிமெண்ட், மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, இப்படி. ராத்திரி வீட்டுச் சோறு. லைன் என்றால் பம்பாய், கல்கத்தா. போனால் இருபது நாள் ஆகும். ஆனால் படி இரண்டு மடங்கு. போதாததற்கு டீசல் மிச்சம் வேறு. முதலாளி ஒரு நடைக்கு இவ்வளவு என்று டீசல் கணக்குப் போட்டுக் கொடுப்பார், மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு.

ஏழு வருடம் நான் கிளீனராக இருந்தது ஒரே அண்ணனிடம். அவர் சொன்னார்: "ஒரு வருசம் லோக்கல் ஓட்டுடா. ரிவர்ஸ் எடு, சந்துல திருப்பு, லோடோட ஏறி இறங்கு. கை பழகட்டும். பம்பாய் எங்கயும் ஓடிப்போயிடாது."

எனக்குத் தங்கை கல்யாணக் கடன் இருந்தது. அதைவிட, லைன் டிரைவர் என்றால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லைனே போனேன்.

சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் சுமார் 1,200 கிலோமீட்டர். வடக்கே உப்புமா மாதிரி கிச்சடி செய்ய நம் ஜவ்வரிசிதான் போகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம். முதல் மூன்று நடை நன்றாகவே போனது. நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கு என்ன பழக்கம் வேண்டும்?

நாலாவது நடையில் விடியற்காலை தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். கூட வந்த டிரைவர் பின்னால் தூங்குகிறார். வீட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் பாக்கி. டீசல் மிச்சத்துக்கு ஆசைப்பட்டு நியூட்ரலில் விட்டேன். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை பாரமும் பிரேக்கின் மேல்தான். டிரம் சூடேறியதும் பெடல் காலுக்குக் கீழே சும்மா போனது. அந்த வேகத்தில் கியரும் விழவில்லை.

வேறு வழி தெரியாமல் இடது பக்க மண்மேட்டில் கொண்டுபோய் உரசி நிறுத்தினேன். வெங்காய மூட்டைகள் ரோடெல்லாம் உருண்டன. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் கிளீனர் பையன், பதினாறு வயது. அவன் முழங்கை உடைந்துவிட்டது. என் பக்கம் ஒரு கீறல் இல்லை.

அந்த நடையில் மிச்சம் பிடித்த டீசல் பத்து லிட்டர்கூட இருக்காது.

நானே முதலாளியிடம் போய் லோக்கல் வண்டி கேட்டேன். "பயந்துட்டான்" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் சிமெண்டும் கரும்பும் ஓட்டினேன். கடன் அடைய அந்த இரண்டு வருடம் கூடுதலாக ஆனது. பிறகு மறுபடி பம்பாய் போனபோது, தொப்பூர் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, டீ குடித்து, இரண்டாவது கியரில் இறக்கினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தபடியே வந்தான்.

அந்தக் கிளீனர் பையன் டிரைவர் ஆகவில்லை. கை முழுதாக மடங்காது. இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிறான். பார்த்தால் "வாங்கண்ணே" என்று ஸ்டூலை எடுத்துப் போடுவான். அதில் உட்காருவது எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப நாலு வழி ரோடு தாத்தா" என்றான் தெருப் பையன். அவனுக்கு குஜராத் வண்டி ஒன்று தயாராக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.