விமானத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

இரவில் படுக்கப் போகுமுன் வாசற்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. இளம் பிராயத்தில் அதைக் கண்டு நாம் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை. அந்த மனமாற்றத்துக்குக் காரணம் திருடன் அல்ல. ஓர் ஆகாய விமானம்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் நாம் சில வருஷம் வசித்தபோது, அண்டை வீட்டுக் கிழவர் தமது மோட்டார் கொட்டகையில் ஒரு விமானம் கட்டிக் கொண்டிருந்தார். கொட்டகையில் விமானமாவது என்று வாசகர்கள் புன்னகை செய்யக்கூடும். அந்நாட்டில் அது சட்டத்துக்கு உட்பட்ட காரியம். கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்கவோ ஒருவர் தம் கையாலேயே வேலையின் பெரும் பகுதியைச் செய்து முடித்தால், அதில் பறக்க அநுமதி பெறலாம். இத்தகையவர்களுக்கென்று 1953-ல் தோன்றிய சங்கம் ஒன்றும் அம்மாகாணத்தில் இருக்கிறது. அதன் பறத்தல் திருவிழா 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் நடந்து வருகிறது. ராட்டினம் சுழற்றித் தன் துணியைத் தானே உடுத்தியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, தன் சிறகைத் தானே செய்துகொள்ளும் இக்கிழவரிடம் மதிப்பு உண்டானதில் வியப்பில்லை. மாலை வேளைகளில் நாமும் அரத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு உதவச் சென்றோம்.

அவர் கட்டியது 'லாங்-ஈஸி' என்னும் ஜாதி. பர்ட் ரூட்டன் என்னும் நிபுணர் சிருஷ்டித்த அவ்விமானம் 1979-ல் முதன்முதல் பறந்தது. அதன் வரைபடங்கள் 1985 வரை விற்கப்பட்டன; கிழவரிடம் இருந்தது இரண்டாம் கைக்கு வந்த ஒரு கட்டு. நுரைப் பலகையைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி நார்த் துணியைப் பிசின் தடவி ஒட்டிச் செய்வது. சிறு இறக்கை முன்னால். எஞ்சினும் விசிறியும் பின்னால். ஆள் ஏறாத வேளையில் ஒட்டகம்போல் மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டிருக்கும். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரலாம். அந்தப் பின் ஆசனம் யாருக்கு என்பது ஆரம்பத்திலேயே முடிவாகியிருந்தது. கிழவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பேத்தி இருந்தாள்.

இருவர் தலைக்கும் மேலாக ஒரே நீண்ட கண்ணாடி மூடி. உண்மையில் அது கண்ணாடியன்று. ஆக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். வலப்புறம் கீலில் திறக்கும். இடப்புறம் மூன்று கொக்கிகளால் பூட்டும். மூன்றையும் ஒரே கம்பி இணைக்கிறது; விமானியின் இடக்கைப் பக்கமுள்ள ஒரே கைப்பிடி மூன்றையும் இயக்குகிறது. இந்தப் பூட்டு வேலையைக் கிழவர் நம்மிடம் ஒப்படைத்தார். எளிய வேலை என்றே நாமும் எண்ணினோம்.

வேகமாகச் செல்லும்போது காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. வளைந்த முதுகின்மேல் விரைந்து பாயும் காற்று, இறக்கையைத் தூக்குவதுபோலவே மூடியையும் தூக்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் வேக அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ. 200 கிலோமீட்டரில் அது இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 193 கிலோவை எட்டுகிறது. லாங்-ஈஸி ஓடும் 290 கிலோமீட்டர் வேகத்தில் 400 கிலோ. இதில் பாதியே மூடியை மேலே இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், சதுர மீட்டருக்கு இரண்டு நெல் மூட்டைக்கு அதிகமான பாரம் அந்தக் கொக்கிகளில் தொங்குகிறது. அதோடு விசிறி பின்னால் இருப்பதால் இவ்வகை விமானத்தில் இன்னோர் அபாயமும் உண்டு. திறந்த மூடியிலிருந்து பறந்துபோகும் தொப்பியோ வரைபடமோ நேரே விசிறியில் போய் விழும்.

ஆகையால் நல்ல கொக்கிக்கு ஒரு லக்ஷணம் வேண்டும்: இழுக்க இழுக்க அது இறுக வேண்டுமே தவிர நழுவக் கூடாது. பழைய டிரங்குப் பெட்டியின் கொண்டியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நடுக்கோட்டைத் தாண்டும்வரை நம் விரலோடு மல்லுக்கு நிற்கும். தாண்டிவிட்டாலோ 'டக்' என்று தானே போய் அமர்ந்துகொள்ளும். அதன்பின் மூடியை எவ்வளவு உந்தினாலும் பூட்டு மேலும் இறுகும். நம் கைப்பிடியையும் அவ்விதமே அமைத்தோம். பூட்டாமல் எஞ்சினை முடுக்கினால் சங்கு ஒலிக்கும்படி ஒரு சிறிய மின் விசையும் வைத்தோம். அதைக் கொக்கிகளில் பொருத்த வேண்டுமானால் மூன்று இடங்களுக்குக் கம்பி இழுக்க வேண்டும். கைப்பிடியில் பொருத்தினால் ஒன்றே போதும். கைப்பிடியில் பொருத்தினோம். இந்தச் சோம்பேறித்தனம் முழுவதும் நம்முடையது.

வரைபடத்தில் நான்காவதாக ஒரு தனிக் கொக்கியும் காட்டியிருந்தது. பூட்டு திறந்துவிட்டாலும் மூடி சற்றே எழும்பியவுடன் பற்றி நிறுத்துவதற்கான காவல் கொக்கி அது. மோட்டார் காரின் எஞ்சின் மூடியைத் திறப்பவர் உள்ளே விரலை விட்டு இரண்டாவதாக ஒன்றைத் தள்ளுகிறாரே, அதேதான். "நமது மூன்று கொக்கியும் யானையைக் கட்டும், நாலாவது எதற்கு வீண் பாரம்?" என்றார் கிழவர். நாமும் பெருமையுடன் தலையசைத்தோம்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஓடுபாதையில் வேக ஓட்டம். தரையை விட்டுக் கிளம்பாமல் ஓடி நிறுத்திப் பார்ப்பது. நண்பகல் வெயில். கைப்பிடி பூட்டி அமர்ந்தது, சங்கு ஒலிக்கவில்லை. நாம் புல்தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும் சமயம், மூடியின் நடுப்பகுதி இரண்டு விரற்கடை மேலே எழும்பித் துடித்தது. கிழவர் எஞ்சினைத் தணித்தார். பாதையின் கோடியில் விமானம் நின்றபின்னும் வெகு நேரம் அவர் இறங்கவில்லை. நாம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, "கைப்பிடி பூட்டித்தானே இருக்கிறது, நண்பரே?" என்று மட்டும் கேட்டார். ஆம், பூட்டித்தான் இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூடியைப் பொருத்தியது பனிக்காலத்தில், 15 டிகிரிக் கொட்டகையில். அன்று வெயிலில் அது 45 டிகிரிக்காவது சுட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆக்ரிலிக் அந்த வித்தியாசத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் கண்ணாடி நார்ச் சட்டமோ அவ்வளவு நீளாது. ஆகவே மேற்புறம் நீண்டு, கீழ்ச்சட்டம் வில்லாக வளைந்து, நடுவில் உயர்ந்துவிட்டது. அங்கிருந்த முளையும் உயர்ந்தது. அதற்கு மேலே ஏறிப் பற்ற வேண்டிய கொக்கியின் நாக்கு, கீழே புகுந்து சும்மா நின்றது. தடுக்க ஒன்றும் இல்லாததால் கைப்பிடி சுகமாகப் போய் அமர்ந்தது. நமது மின் விசை கைப்பிடியைக் கேட்டது. கைப்பிடி பொய் சொல்லிற்று. காலையும் மாலையும் குளிர்ந்த வேளையில் நாம் பரீக்ஷித்துப் பார்த்தபோதெல்லாம் மூன்றும் ஒழுங்காகப் பிடித்ததால், நம்பிக்கை மேலும் வளர்ந்திருந்தது.

அன்றிரவு கிழவர் ஜான் டென்வரைப் பற்றிச் சொன்னார். புகழ்பெற்ற அந்தப் பாடகர் 1997 அக்டோபர் 12-ம் தேதி காலிபோர்னியாக் கரையில் ஒரு லாங்-ஈஸியுடன் கடலில் விழுந்து மாண்டார். பெட்ரோல் தொட்டியை மாற்றும் பிடியை, கட்டியவர் வரைபடத்தில் உள்ள இடத்தை விட்டு விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை முறுக்கித் திரும்பிய கணத்தில் விமானத்தின் போக்கு தவறியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. மூடி திறந்துகொள்ளும் விபத்துக்களிலும் இதுவே அநேகமாக நிகழ்வது. திறந்த மூடியுடனும் இறங்கிவிடக்கூடிய விமானத்தை, மூடியை எட்டிப் பிடிக்கப்போன விமானி மறந்துவிடுகிறார். ஒரு கையால் மூடியைப் பற்றிக்கொண்டு பத்திரமாக இறங்கியவர்களும் உண்டு. மாண்டவர்களும் உண்டு.

மறுநாளே வேலை தொடங்கிற்று. கொக்கிகளின் நாக்கை நீட்டிச் சரிவாகச் செதுக்கி, முளை சற்று உயர்ந்திருந்தாலும் ஏறிப் பிடித்துக் கீழே இழுக்கும்படி செய்தோம். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு மின் விசை. மூன்றும் முளையைப் பற்றினாலன்றிச் சங்கு அடங்காது. முளைகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினோம். கொக்கி சரியாகப் பிடித்தால் சிவப்பு மறைந்துவிடும். நாலாவதான காவல் கொக்கியைக் கைப்பிடியோடு சேர்க்காமல், தனி ஸ்பிரிங்குடன் வரைபடத்தில் கண்டவாறே வைத்தோம்.

எல்லாவற்றிலும் கடினமான விஷயம் கடைசியில் வந்தது. வீட்டுத் தாழ்ப்பாள் வெளியிலிருப்பவனுக்குத் திறக்கக் கூடாது. விமானத் தாழ்ப்பாளோ காற்றுக்குத் திறக்கக் கூடாது. விபத்தில் ஓடிவரும் அந்நியனுக்கு மட்டும் உடனே திறக்க வேண்டும். உள்ளே சிக்கியிருப்பது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். வெளிப்புறம் ஒரு சிறு துவாரம், அதன் வழியே காவல் கொக்கியைத் தள்ளும் வழி, பக்கத்தில் அம்புக்குறி, உள்ளே ஆக்ரிலிக்கை உடைக்க ஒரு சிறு சுத்தியல். இவற்றை முடிவு செய்யவே ஒரு வாரம் வாதாடினோம்.

புதிய விமானத்தில் முதல் 40 மணி நேரம் பிரயாணி எவரையும் ஏற்றக் கூடாது என்பது கிழவருக்கு இட்ட நிபந்தனை. அது நிறைவேற மறுவருஷ வசந்தம் வந்துவிட்டது. பேத்தி பின் ஆசனத்தில் அமர்ந்தாள். மூன்றாவது கொக்கி அவள் தோளருகேதான் இருந்தது. பாட்டனார் மூடியைக் கையால் அழுத்தி, கைப்பிடியைத் தள்ளி, முன்னிருந்து ஒன்று, இரண்டு என்று தொட்டு எண்ணினார். அவள் தன் பக்கத்துச் சிவப்பு மறைந்ததைப் பார்த்து "மூன்று" என்றாள். பிறகு காவல் கொக்கியைத் தொட்டு அவர் "நாலு" என்றார். "இன்னொரு தடவை, தாத்தா" என்றாள் அவள். கிழவர் முதலிலிருந்து மறுபடி எண்ணினார்; அதன்பிறகே எஞ்சினை முடுக்கினார்.