மியூவோன்களும் மின்வெட்டும்

உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள், தங்கையரே. செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன் அதனூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறக்கும் துணிக்கை அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் தாண்டலாம். ஆயினும் நம்மை வந்தடைகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடுவதற்கு நேரம் மெதுவாகவே கழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதே காரணம்.

பேராதனையில் என் நாலாம் வருட ஆய்வு, அந்த ஆயுளை அளப்பது. மூன்று வருடத்தில் பொதுப் பட்டம், பிறகு ஆசிரியர் நியமனம் என்பதே வீட்டின் எண்ணம். "இன்னொரு வருஷமா மகள்?" என்று வாப்பா கடைக் கணக்குக் கொப்பியைப் பார்த்தபடி கேட்டார். "படிக்கட்டும்" என்றது உம்மாதான்.

அந்த வருடம் 2022.

கருவி என்பது ஒரு பிளாஸ்டிக் கட்டி. மியூவோன் அதனுள் நின்றால் ஒரு மினுக்கம், அது அழியும்போது இன்னொரு மினுக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பதிய வேண்டும். பெரும்பாலானவை நில்லாமல் ஊடுருவிவிடும் என்பதால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். மார்ச் முடிவில் மின்வெட்டோ 13 மணித்தியாலம் வரை போனது. மின் வந்ததும் வோல்ற்றளவை மெல்ல ஏற்றி, அது நிலைப்படும் வரை வருவதையெல்லாம் ஒதுக்க வேண்டும். இரவில் மின் வந்தால் நான் விடுதிக்குள், கதவு பூட்டியாயிற்று. (ஆண் மாணவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

துண்டு துண்டாய் எடுத்த எண்ணிக்கைகளைக் கூட்டலாமா என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் யோசித்தேன். கூட்டலாம். மியூவோன் முதுமையடைவதில்லை. 15 கிலோமீற்றர் வந்து களைத்ததும் இப்போதுதான் பிறந்ததும் இனி வாழும் சராசரி ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் அது என் கட்டிக்குள் நின்ற கணத்தில் தொடங்குகிறது. ஆகவே திங்கட்கிழமையின் மூன்று மணித்தியாலமும் வியாழனின் ஐந்தும் ஒரே வரைபில் அமர்ந்தன.

விடை 2.1 மைக்ரோசெக்கன்.

தொலைபேசியில் சொன்னேன். பௌதிகவியல் அறியாத வாப்பா, கடைக்காரர் அல்லவா, உடனே கேட்டார்: "மிச்சம் புள்ளி ஒண்டு எங்க போச்சு மகள்?"

மறையேற்றமுள்ள மியூவோன்கள் சிலவற்றைப் பிளாஸ்டிக்கிலுள்ள காபன் கரு பிடித்துக்கொள்வதால் அவை முந்தியே மறைகின்றன என்றேன்.

"அப்ப கணக்கு சரி" என்றார்.