அலுமினியத் தலை

கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டியை நோக்கி வருகின்றவர்கள், பிலிமத்தலாவையில் வீதியோரக் கடைகளில் பித்தளை விளக்குகள் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். அத்தகைய கடையொன்றின் பின்புறத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. நாள்தோறும் உலோகத்தின் ஓசையைக் கேட்டே வாழ்கிற நான், உலோகமே உறுதி என்று நம்பியதில் வியப்பென்ன? அந்த நம்பிக்கையினால் என் மகனுடைய சேமிப்பை நான் பாழாக்கிய கதையைக் கேளுங்கள்.

2021 டிசம்பரில் டோஹாவிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி, அவனுக்கு ஒரு சிறு ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். வானொலி அலையினால் இயங்குவது. பற்றரியுடன் சேர்த்து 280 கிராம் எடை. மேலே சுழலும் பெரிய விசிறிக்கு ஒரு மோட்டாரும் வாலிலுள்ள சிறு விசிறிக்கு ஒரு மோட்டாரும் உண்டு. எட்டு நிமிடம் பறக்கும். பெரிய விசிறி ஒரு திசையில் சுழலும்போது உடல் எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதே வால் விசிறியின் வேலை. பாவம், வாலிலுள்ள அந்தச் சின்ன மோட்டார்தான் முதலில் சூடேறிச் சாகும்.

பையன் அயல்வீட்டுப் பித்தளைப் பாஸின் கடையில் மாலை வேளைகளில் கணக்கெழுதி, 2022 பெப்ரவரிக்குள் 9,000 ரூபா சேர்த்துவிட்டான். உதிரிப் பாகங்கள் தருவித்துக் கொடுக்கும் கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியலும் கையில் இருந்தது. “சாதாரண தரப் பரீட்சை முடியட்டும்” என்று நான் தடுத்தேன். பரீட்சை மே மாத இறுதிக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 ரூபாவளவுக்கு ஏறிவிட்டது. நாற்பத்தைந்து டொலர் இருபத்தைந்து டொலராகச் சுருங்கியதை அவன் ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

இனி எல்லாவற்றையும் வாங்க இயலாது, ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும். அவன் விரும்பியவை, சுழல்தண்டுக்குச் சிறு குண்டுப் பேரிங்குகள், வாலுக்கு ஒரு மாற்று மோட்டார், இரண்டு சோடி பிளாஸ்டிக் தகடுகள். “இவையெல்லாம் ஒரு மேம்பாடா?” என்று நான் நகைத்தேன். பட்டியலில் 24 டொலருக்கு ஓர் அலுமினிய விசிறித் தலை இருந்தது. படத்தில் அது புது நாணயம்போல் மின்னியது. உடைகிற பிளாஸ்டிக்கை மறுபடியும் வாங்குவானேன், உடையாததை ஒரேயடியாக வாங்கிவிடலாமே என்பது என் வாதம். பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தான். அந்தச் சம்மதத்தை நான் இணக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

தலை வந்தபோது பித்தளைப் பாஸ் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “மாஸ்டர், விளக்குக்கு அடியில் பாரம் வைக்கலாம், தலையில் வைத்தால் விளக்கு நிற்குமா?” என்று சிங்களத்தில் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். நைலோன் ஒரு கன சென்ரிமீற்றர் 1.1 கிராம் அளவே நிறுக்கும், அலுமினியமோ 2.7 கிராம். ஒரே வடிவத்தில் இரண்டரை மடங்கு பாரம்! பூட்டிப் பறக்கவிட்டதும் எட்டு நிமிடம் ஆறாகக் குறைந்தது. பாரம் கூடியதால் பெரிய மோட்டார் கூடுதலாக உழைத்தது. அதற்கு ஈடுகொடுத்து வால் மோட்டாரும் தொடமுடியாதபடி சூடேறிற்று.

நான் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நம்மூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கிறது, டோஹாவில் நன்றாகப் பறந்திருக்கும் என்றேன். பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். டோஹாவின் 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தியும் நம்மூர்க் காற்றின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றேயாம்!

மூன்றாம் நாள் அது எங்கள் மாமரத்தில் மோதி விழுந்தது. அலுமினியத் தலைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அடியிலிருந்த உருக்குத் தண்டு வளைந்து, பற்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்து, வாற்குழலும் முறிந்து கிடந்தது. பிளாஸ்டிக் தலை உடைந்திருந்தால் அடி அதனுடனேயே தீர்ந்திருக்கும். உடையாத தலை அடியைக் கீழே அனுப்பிவிட்டது. வீட்டு மின்பெட்டியில் பியூஸ் கம்பி உருகுவது வீட்டைக் காப்பதற்காகத்தான். அந்தக் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த ஆணியைச் செருகியவனுடைய புத்திதான் என்னுடையது.

அமெரிக்கரான ஆர்தர் யங் 1928 முதல் பல ஆண்டுகள் சிறு மாதிரிகளைக் கொண்டே ஹெலிகொப்டரை ஆராய்ந்தார். 1941இல் பெல் நிறுவனத்தாரிடம் மின்மோட்டாரில் பறக்கும் மாதிரியைக் காட்டித்தான் அங்கே இடம்பெற்றார். விசிறியை நிலைப்படுத்த அவர் அமைத்த தண்டுடன் வந்த பெல் 47, அந்நாட்டில் 1946இல் சிவில் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகொப்டர். எங்கள் பொம்மையின் தலையிலும் அந்தத் தண்டின் வழிவந்த ஒன்றுதான் சுழல்கிறது. இதைப் பையன்தான் எனக்குச் சொன்னான், தண்டை நிமிர்த்த முயன்றுகொண்டே.

தண்டு நிமிரவில்லை. பித்தளைப் பாஸ் தம் கடைசற் பொறியில் ஒரு புதுத் தண்டு கடைந்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் நான் பையனுடைய 9,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். அந்நாட்களில் அது எங்கள் வீட்டுக்கு எளிதாக இருக்கவில்லை. மின்வெட்டு நேரம் பார்த்துப் பற்றரிக்கு மின்னேற்றிய காலம் அது. அவன் தன் பழைய பட்டியலையே வாங்கினான். பேரிங்குகள் போட்டதும் உராய்வு குறைந்து தலை ஓசையின்றிச் சுழன்றது. வால் நடுங்குவதும் நின்றது. பெரிய பற்றரி வாங்கலாமே என்று நான் தொடங்கியபோது, “அதற்கும் பாரம் உண்டு, அப்பா” என்றான்.

அலுமினியத் தலை இப்போது என் மேசையில் கடிதங்கள் பறக்காமலிருக்கப் பாரமாக இருக்கிறது. ஹெலிகொப்டர் இன்னும் பறக்கிறது; பற்றரிதான் கிழடாகிவிட்டது. போன ஞாயிறு முற்றத்தில் காத்து நின்றேன். “இன்னும் மூன்று நிமிடம், அப்பா, பிறகு உங்கள் முறை” என்றான். அந்தப் பற்றரி நான்கு நிமிடத்துக்குமேல் தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.