அழாத குழந்தை

கொல்லிமலையில் வாழவந்தி என்னும் ஊரில் அருகருகே இரண்டு கல்லறைகள் உள்ளன. ஒன்று, 1929ஆம் ஆண்டு கருநீர்க் காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயருடையது. மற்றொன்று, அவருக்குப்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்து, 1974ஆம் ஆண்டு டிசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமான அவருடைய துணைவியார் எவலின் அம்மையாருடையது. இருவரும் நம் பிரிந்த சகோதரர்களாகிய பாப்திஸ்து சபையினர். வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் எய்திய டாக்டர் பால் பிராண்டு இவர்களுடைய மகனே. 1914ஆம் ஆண்டு பிறந்தவர்.

இவர்களைப் பற்றி எழுதுவது ஒரு பெண் குழந்தையின் பொருட்டு. 1918-19ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இம்மலையையும் விட்டுவைக்கவில்லை. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். அதுவரை அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் நோயில் வீழ்ந்தார். தம் உயிர் பிரியுமுன் தம் கைக்குழந்தையை அவர் அந்த அந்நியரிடமே ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு, தம் மக்கள் பாலோடும் கோனியோடும் சேர்த்து வளர்த்தனர் அவர்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் எல்லாரும் பூசாரியின் மனமாற்றத்தையே வியந்து சொல்வர். நான் அந்தக் குழந்தையை நினைப்பேன். அது வரைக்கும் அது கண்டிராத வெளுத்த முகம், கேட்டிராத பேச்சு, பழகிய மேனியின் வாசனை இல்லாத புதிய மடி. அன்றிரவு அது எவ்வாறு உறங்கியிருக்கும்? பெரியவர்கள் கை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தையும் தன்னைக் கொடுத்துவிட வேண்டுமே! அதற்கு எத்தனை நாள் ஆகும்?

வாசகர்களே, கடல் கடந்த நாட்டு அநாதை இல்லத்திலிருந்து குழந்தை கொண்டுவந்தோர் எனச் செய்திகளில் படிக்கும்போது அது மேலைநாட்டார் சங்கதி என்று தள்ளிவிடுகிறோம். அவர்களுக்குக் கடல் கடந்த அந்த இல்லம் பல ஆண்டுகள் நம் நாடாகவே இருந்தது என்பதை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகள் சுவீடனிலும் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்ந்திருக்கிறார்கள். இந்த ஏற்றுமதியில் முறைகேடுகள் நடப்பதாக வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே 1982இல் எழுதிய கடிதத்தையே வழக்காக ஏற்று, 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் விரிவான விதிகளை வகுத்தது. அதன் பின்னும் தீமை ஓயவில்லை. சென்னையில் தெருவோரம் உறங்கிய ஏழைகளின் குழந்தைகளைத் திருடி, இல்லமொன்றின் வழியாக அயல்நாட்டுக்கு அனுப்பிய கொடுமை 2005இல் வெளிப்பட்டது. இத்தகைய முறைகேடுகள் இலங்கை முதலிய பல நாடுகளிலும் நடந்தமையை விசாரணைக் குழு ஒன்று எடுத்துரைத்தபின், நெதர்லாந்து அரசு 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. வாங்கி வளர்த்தவர்களுள் மிகப் பலர் நல்லவர்கள், கள்ளம் அறியாதவர்கள். ஆயினும் ஒரு தாயின் கண்ணீர்மேல் கட்டிய பாசம் அது என்று பின்னாளில் அறியும் பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும்!

நாம் கத்தோலிக்கர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. நெடுங்காலம் இந்நாட்டில் கிறிஸ்தவர் ஒரு குழந்தையைச் சட்டப்படி முழு மகவாக ஏற்க இயலாதிருந்தது. 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே உரியது. நமக்கு இருந்ததெல்லாம் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே. அதன்படி நாம் பிள்ளைக்குக் காப்பாளர், பெற்றோர் அல்லர். பிள்ளைக்கு வாரிசுரிமையும் இல்லை. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2006இல் அதற்குச் செய்த திருத்தமுமே எல்லாச் சமயத்தாருக்கும் இக்கதவைத் திறந்தன. ஆனால் திருச்சபையோ, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர் தத்தெடுத்தவரின் மக்களாகவே கருதப்படுவர் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 110ஆம் சட்டத்தில் ஒரே வரியில் கூறிவிட்டது.

எங்கள் மலைப் பங்கில் ஒரு தம்பதியர் உள்ளனர். கணவர் மிளகு வாங்கி விற்பவர், மனைவி தையற்காரி. பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையின்றி இருந்து, முறைப்படி விண்ணப்பித்து, மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்து, கீழ்நாட்டு இல்லம் ஒன்றிலிருந்து பத்து மாதப் பெண் குழந்தையைப் பெற்று வந்தனர். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த பேருந்தில் அது ஒரு முறையும் அழவில்லையாம். செம்மேட்டுக் கடைத்தெருவில் இறங்கியதும் ஊரார் கூடிவிட்டனர். குழந்தை எல்லாரிடமும் தாவிற்று. எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. "பொல்லாத அதிர்ஷ்டம் உனக்கு! கையைக் காலை ஆட்டிக்கிட்டு யாருகிட்டயும் போகுது, அழவே மாட்டேங்குது" என்று கிழவிகள் பாராட்டினர்.

ஆனால் பத்து நாள் கழித்து அந்தப் பெண் கோவிலுக்கு வந்து நின்றாள்.

"சாமி, பிள்ளை என் முகத்தைப் பாக்க மாட்டேங்குது. தூக்கினா கட்டையாட்டம் இருக்குது. பசிச்சாக்கூட அழறதில்லை சாமி. ராத்திரி முழிச்சுக்கிட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே தானா தூங்கிப் போகுது. நான் பெறாதவங்கறது அதுக்குத் தெரியுதோ?"

அவள் கேட்டதற்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை. குருமடத்தில் எங்களுக்கு மனித ஆன்மாவைப் பற்றிய தத்துவம் பல ஆண்டுகள் கற்பித்தார்கள். பத்து மாதக் குழந்தையின் உள்ளத்தைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும், சேலத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் அவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

குழந்தை அழுவது ஓர் அழைப்பு. அழைத்தால் ஒருவர் வருவார் என்று கண்டபின்னரே அது மேன்மேலும் அழைக்கிறது. ஓர் ஆயாவுக்குப் பத்துப் பிள்ளைகள் என்றிருக்கும் இடத்தில், அந்த ஆயா எத்துணை நல்லவராயினும், எல்லா அழைப்புக்கும் ஓட முடியாது. சில மாதங்களில் பிள்ளை அழைப்பதை விட்டுவிடுகிறது. அதைத்தான் நாம் 'சமர்த்து' என்கிறோம். யாரிடமும் தாவுவதும் அத்தகையதே. ஒருவரையும் தனக்கென்று கொள்ளாத பிள்ளைக்கு எல்லா மடியும் ஒன்றுதான்.

ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், பாலைப் போலவே இடையறாத ஒருவரின் பாசமும் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று வாதிட்டார். 1989இல் ருமேனியாவில் கொடுங்கோலாட்சி வீழ்ந்தபின், அங்குள்ள இல்லங்களில் பல்லாயிரம் குழந்தைகள் கேட்பாரின்றிக் கிடந்ததை உலகம் கண்டது. அவர்களுட் சிலரை இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்தன. அப்பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்னும் பேராசிரியரும் குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதம் நிறையுமுன் வீடு சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குமேல் இல்லத்தில் கிடந்தவர்களுள் பலருக்கு வடு நின்றது. ருமேனியாவின் தலைநகரிலேயே 136 குழந்தைகளைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பம் சேர்ந்தவர்களிடம் பாசப்பிணைப்பு நன்கு வேரூன்றியது. நம் இல்லங்கள் அந்நாட்டு இல்லங்களைப் போன்றவை அல்ல. ஆயினும் நாள் கடத்தலாகாது என்ற செய்தி எங்கும் ஒன்றே.

மருத்துவர் அவர்களுக்குச் சொன்னவை மிக எளியவை. சில வாரங்களுக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் உறங்கவைப்பதும் தாயும் தந்தையும் மட்டுமே. பாட்டியும் அண்டை வீட்டாரும் கொஞ்சலாம், ஊட்டலாகாது. அழாவிட்டாலும் நேரம் பார்த்துப் போய்த் தூக்க வேண்டும். புட்டிப்பால் கொடுக்கும்போது முட்டுக் கொடுத்துப் படுக்கவைக்காமல் மடியில் வைத்து, முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்வையை அது திருப்பிக்கொண்டால் வற்புறுத்தலாகாது. இல்லத்தில் இரும்புக் கட்டிலில் தனியே கிடந்த பிள்ளைக்குச் சேலைத் தூளி அச்சமூட்டியது. ஆதலால் தாய் உடுத்துத் துவைக்காத புடவையைப் பாயில் விரித்து அருகிலேயே படுக்கவைத்தாள். மாமியாருக்கு இதில் வருத்தம். "பேத்தியைத் தொடக் கூடாதுன்னு ஒரு டாக்டரா?" என்று என்னிடமே வழக்குக் கொண்டுவந்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியையும் எடுத்து வீசினார். (ஊரார் பிள்ளை என்பது அங்கே கர்ப்பிணியான மனைவியைக் குறிக்கும் என்பாரும் உளர், அந்தப் பொருளை அன்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு பிறக்கவில்லை.)

நான்காம் மாதம் திருமுழுக்கு. கிணற்றடி நீரைக் காட்டிலும் குளிர்ந்த மலைநீரைச் சற்றுச் சூடாக்கியே வைத்திருந்தேன். ஞானத்தாயின் கைக்குப் பிள்ளையை மாற்றியவுடன் கோவிலே அதிரும்படி ஓர் அலறல்! உடல் முழுவதும் வளைந்து தாயை நோக்கித் தாவியது. செபத்தை நிறுத்திவிட்டு நான் காத்திருந்தேன். தாய் வாங்கியதும் முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டு விம்மியது. ஞானத்தாய் நாணிக் கலங்கினாள். தாயோ அழுதுகொண்டே சிரித்தாள். மாமியார் முன்வரிசையில் இருந்து, "இப்பத்தான் வீட்டுப் பிள்ளை" என்றார்.

யாத்திராகமத்தில் பாரவோனின் மகள் மோயீசனை நீரிலிருந்து எடுத்தவுடன் அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தேன். பெற்ற தாயே செவிலியாகிப் பாலூட்டி, பிள்ளை வளர்ந்தபின்னரே கொண்டுபோய் ஒப்படைத்தாள். பழகிய மடியிலிருந்து புதிய மடிக்கு மெல்ல நகர அதற்குக் காலம் கிடைத்தது. நம் நாளிலோ மாலை, நிழற்படம், கையொப்பம் என்று ஒரு மணி நேரத்தில் பிள்ளையை மாற்றிவிடுகிறோம்.

பழைய மடியை அது மறந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. சீனத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே கனடாவின் பிரெஞ்சு வீடுகளுக்குச் சென்று, சீன மொழியில் ஒரு சொல்லும் நினைவில்லாது வளர்ந்த சிறுமியரின் மூளை, அம்மொழியின் ஓசைகளை இன்னும் அடையாளம் காண்கிறது என 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அப்படியாயின் தமிழ்த் தாலாட்டைச் சில மாதம் கேட்டுப் பனிநாட்டுக்குப் பறந்த பிள்ளைகளின் செவியில் என்ன தங்கியிருக்கும்!

இம்மலையைப் பற்றி வெட்கத்தோடு சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில், ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒருவர் விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி நாடே அதிர்ந்தது. மலையின் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் குழந்தைகள் இத்தரகர் வழியாகப் போயிருந்தன. இங்கிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் கைதானார். வளர்க்க இயலாத தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறவும் அவளுக்கு உரிமை உண்டு. இதே சேலம் வட்டாரத்தில்தான், பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. தரகரிடம் விற்ற தாய்க்குத் திரும்பிக் கேட்க வாயில்லை. வாங்கியவர்களின் கதி மட்டும் என்ன? காவலர் வந்து பிள்ளையைக் கொண்டுபோகும் நாளில், ஒருவாறு ஒட்டிய அந்தச் சிறு உள்ளம் இரண்டாம் முறை அறுபடும். எனவே 'அவசரமாக ஒரு குழந்தைக்கு வழி சொல்லுங்கள் சாமி' என்று வருவோரை, நாமக்கல்லில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். உடன் போகவும் செய்கிறேன்.

நான் சொன்ன தம்பதியர் இப்போது இரண்டாம் குழந்தைக்கு விண்ணப்பித்துள்ளனர். வரிசை நீளமானது. இம்முறை இல்லத்துக்கு முன்னரே இரண்டு மூன்று நாள் சென்று தங்கவும், பிள்ளையை வளர்த்த ஆயாவிடம் அது உறங்கும் நேரம், பருகும் அளவு, பாடிய பாட்டு அனைத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளவும், அதன் பழைய போர்வையைத் துவைக்காமல் கேட்டு வாங்கவும் முடிவு செய்துள்ளனர். மூத்தவளுக்கு மூன்று வயதாகிவிட்டது. "தம்பி எந்த வீட்டிலிருந்து வருவான்?" என்று கேட்கிறாளாம். "நீ வந்த மாதிரி ஒரு வீட்டிலிருந்துதான்" என்று தாய் சொல்லியிருக்கிறாள்.