கிளைத் தொலைப்பேசியும் மூன்று ஒன்பதுகளும்



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளியில் கிளைத் தொலைப்பேசிகள் பொருத்தப்பட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நிதியில் நடந்த பணி அது. அதனை மேற்பார்வையிடும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். பணி தொடங்குவதற்கு முன் நடந்த கூட்டத்தில் தந்தையொருவர் நியாயமான கேள்வி ஒன்றை எழுப்பினார். “எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு புலனக் குழு இருக்கிறது. இந்தக் காலத்திலும் கம்பி இழுத்துத் தொலைப்பேசி வைக்க வேண்டுமா, சார்?”

கைப்பேசி ஓர் ஆளுக்குரியது. கிளைத் தொலைப்பேசி ஓர் இடத்திற்குரியது. இதுவே நான் அவருக்குச் சொன்ன விடை. பாலர் பள்ளி ஆசிரியை விடுப்பில் இருக்கும் நாளில் அவருடைய கைப்பேசியும் அவரோடு வீட்டில்தான் இருக்கும். ஆனால், பாலர் பள்ளியும் அதிலுள்ள குழந்தைகளும் இங்கேயே இருப்பார்கள். பாடவேளையில் ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. மாணவர்களிடமோ கைப்பேசியே இல்லை. சிற்றுண்டிச்சாலையில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால், அங்கே நிற்பவர் யாராயினும் எடுத்துப் பேசுவதற்கு அந்த இடத்தில் ஒரு தொலைப்பேசி வேண்டும்.

அதுவரை எங்கள் பள்ளியில் அலுவலகத்தில் மட்டுமே தொலைப்பேசி இருந்தது. பெற்றோர் அழைத்தால் அலுவலக எழுத்தர் ஒரு மாணவரை ஆசிரியரிடம் அனுப்புவார். அந்த மாணவர் பாடத்தை விட்டு எழுந்து, திடலைச் சுற்றி ஓடி, ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பவர் பொறுமையிழந்து வைத்துவிடுவார். ஆசிரியரும் வகுப்பை விட்டு வந்திருப்பார், அழைப்பும் போயிருக்கும்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். வீட்டில் ஒரே இணைப்பில் இரண்டு தொலைப்பேசிகளைப் பொருத்தியிருப்போம். கூடத்தில் பேசுவதைப் படுக்கையறையில் எடுத்துக் கேட்கலாம். கிளைத் தொலைப்பேசி அப்படிப்பட்டதன்று. அலுவலகச் சுவரில் ஒரு பெட்டி மாட்டப்படுகிறது. அதுவே பள்ளியின் சிறிய இணைப்பகம். வெளியிலிருந்து வரும் இணைப்புகள் ஒரு பக்கமாக அதில் நுழைகின்றன. மறுபக்கத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கம்பி செல்கிறது. ஒவ்வொரு தொலைப்பேசிக்கும் 101, 102 என்று ஓர் எண் உண்டு. பள்ளிக்குள்ளே ஒருவரை ஒருவர் அழைப்பதற்குக் கட்டணம் இல்லை.

எங்களுடையது மூன்று வெளி இணைப்புகளையும் எட்டுக் கிளைகளையும் ஏற்கும் பெட்டி. பின்னாளில் உள்ளே அட்டை பொருத்திக் கிளைகளைக் கூட்டிக்கொள்ளலாம். சாதாரணத் தொலைப்பேசிக்கு இரண்டு கம்பி போதும். விளக்குகளும் பல பொத்தான்களும் உள்ள அலுவலகத் தொலைப்பேசிக்கு, எங்கள் பெட்டி வகையில், நான்கு கம்பிகள் தேவை. பழைய கட்டடத்தில் ஏற்கெனவே ஓடும் கம்பியையே பயன்படுத்த எண்ணுபவர்கள் இதனை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தரின் மேசையில் தொலைப்பேசியோடு ஒரு துணைப் பலகையும் வைக்கப்பட்டது. ‘கன்சோல்’ என்று தொழில்நுட்பர் சொன்னார். வரிசை வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விளக்கு. ஒவ்வொரு பொத்தானும் ஓர் அறைக்கு உரியது. ஆசிரியர் அறையில் யாரேனும் பேசிக்கொண்டிருந்தால் அந்த விளக்கு எரியும். விளக்கு அணைந்திருந்தால், அதே பொத்தானை ஒருமுறை அழுத்தி அழைப்பை அங்கே மாற்றிவிடலாம். எண்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால், இந்தப் பலகைக்கும் பெட்டியில் ஒரு கிளை இணைப்பு தேவைப்பட்டது. எட்டில் ஒன்று அதற்குப் போக, எஞ்சியவை ஏழு: அலுவலகம், தலைமையாசிரியர் அறை, ஆசிரியர் அறை, நூல்நிலையம், பாலர் பள்ளி, சிற்றுண்டிச்சாலை, பாதுகாவலர் சாவடி. விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் பணி முடிந்தது. தொழில்நுட்பராக வந்தவர் நம் இளைஞர், பொறுமைசாலி. ஒவ்வோர் அறையாகச் சென்று அழைத்துக் காட்டினார். எல்லாம் சரியாக இயங்கின. கையொப்பம் இடுவதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டேன்.

“தம்பி, பாலர் பள்ளித் தொலைப்பேசியை எடுத்து ஒரு பிள்ளை 999 அழுத்தினால் என்ன ஆகும்?”

“வெளியே போறதுக்கு முதல்ல 9 அழுத்தணும், சார். லைன் சத்தம் கேட்டதும் 999 அழுத்தணும்.”

“அந்த முதல் 9 பிள்ளைக்குத் தெரியாதே?”

அவர் சற்று யோசித்தார். “முதல் 9-ஐப் பெட்டி எடுத்துக்கும், சார். மிச்சம் ரெண்டு 9 மட்டும்தான் வெளியே போகும். கால் போகாது.”

நான் இந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மார்ஷல் என்னும் ஊரில், தங்கும் விடுதி அறையொன்றில் கேரி ஹண்ட் என்ற இளம் தாய், பிரிந்து வாழ்ந்த கணவனால் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். அப்போது அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைப்பேசியை எடுத்து, அந்நாட்டு அவசர எண்ணாகிய 911-ஐ அழுத்தினாள். ஒரு முறையன்று, நான்கு முறை. அழைப்பு போகவில்லை. அந்த விடுதியில் வெளித்தொடர்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். அந்தச் சிறுமிக்கு அதனை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மகளை இழந்த அந்தத் தாயின் தந்தை சும்மா இருந்துவிடவில்லை. பல அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார். அதன் பயனாக 2018-இல் ‘கேரியின் சட்டம்’ அமெரிக்காவில் இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரி 16-க்குப் பின் அங்கே பொருத்தப்படும் இத்தகைய தொலைப்பேசி அமைப்புகளில், வேறெந்த எண்ணையும் முன்னே அழுத்தாமல் 911-ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும் என்பது அச்சட்டம். யாரேனும் அவ்வாறு அழைத்தால், முகப்பு மேசை போன்ற ஓரிடத்திற்கு அறிவிப்புச் செல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது.

அச்சட்டம் நம் நாட்டுக்கு உரியதன்று. ஆனால், ஒன்பது வயது என்பது நம் மூன்றாம் ஆண்டு மாணவியின் வயதல்லவா? தொலைப்பேசி உரையாடலை நாம் வகுப்பில் நடித்துக் காட்டிக் கற்பிக்கிறோம். “ஆபத்து என்றால் என்ன எண்?” என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “999” என்கிறது. காவல்துறை, தீயணைப்பு, மருத்துவ வாகனம் யாவற்றுக்கும் அந்த ஓர் எண்தான். மார்ஷல் நகரச் சிறுமி பாடத்தை மறக்கவில்லை. கற்பித்ததைக் கற்பித்தபடியே செய்தாள். அவளுடைய விடை சரி. அவளுக்கு முன்னிருந்த கருவிதான் தவறு.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரைஞர்கள் வலியுறுத்திய ஒன்று நினைவுக்கு வருகிறது. விதியைக் கற்பித்த பின்னரே விலக்கைக் கற்பிக்க வேண்டும் என்பார்கள். இலக்கணத்திற்கு அது பொருந்தும். உயிருக்குப் போராடும் வேளையில் ஒரு பிள்ளையிடம், “விதி 999; ஆனால் இந்தக் கட்டடத்தில் மட்டும் 9999” என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? பெரியவர்களுக்கே அந்நேரத்தில் கை நடுங்கும். பிள்ளை கருவியின் விலக்கைக் கற்பதைவிட, கருவி பிள்ளையின் பாடத்தைக் கற்பதே முறை.

எங்கள் பெட்டியில் அதற்கு வழி இருந்தது. தொழில்நுட்பர் வெளித்தொடர்புக்கான எண்ணை 9-இலிருந்து 0-க்கு மாற்றினார். அதனால் 9 விடுபட்டது. பின்னர் 999 என்று அழுத்தினால் எந்தக் கிளையிலிருந்தும் நேராக வெளியே செல்லுமாறு அமைத்தார். 999 நிலையத்தை வீணாக அழைத்துச் சோதிப்பது முறையன்று. ஆகவே, அதே வழியில் வேறோர் எண்ணைத் தற்காலிகமாக இட்டுச் சோதித்துக் காட்டிய பிறகு திருத்திவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தனிக் கட்டணமும் கேட்கவில்லை. “இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை, சார். இனி நானே கேட்கிறேன்” என்றார்.

எல்லாப் பெட்டிகளிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இல்லாத இடங்களில், அழுத்த வேண்டிய முழு எண்ணையும் ஒவ்வொரு தொலைப்பேசியின் மேலும் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். முழுமையான தீர்வு அன்று எனினும், ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேலானது.

கிளைத் தொலைப்பேசிகள் பள்ளிகளில் மட்டும் இல்லை. பெற்றோர் பலர் பட்டறை, மருந்தகம், கணக்காளர் அலுவலகம் என நடத்துகிறீர்கள். மாலை நேரங்களில் உங்கள் பிள்ளைகளும் அங்கேயே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்கிறார்கள். ஆகவே, நீங்களும் நாங்களும் தொழில்நுட்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. எந்தக் கிளையிலிருந்தும் 999-ஐ நேராக அழைக்க முடியுமா? எண் ஒன்றை முன்னே அழுத்த வேண்டுமெனில், அதனை நீக்க வழியுண்டா?

2. கட்டணத்தைக் குறைக்கச் சில கிளைகளிலிருந்து வெளி அழைப்புகளைத் தடுத்துவைப்பது வழக்கம். சிற்றுண்டிச்சாலைத் தொலைப்பேசிக்கு அந்தத் தடை தேவைதான். ஆனால், அந்தத் தடையோடு 999-உம் சேர்ந்து அடைபட்டுவிட்டதா?

3. மின்சாரம் தடைபட்டால் என்ன ஆகும்? பெட்டி மின்சாரத்தில் இயங்குவது. மின்சாரம் நின்றால் குறிப்பிட்ட ஒரு சாதாரணத் தொலைப்பேசியை வெளி இணைப்போடு நேரே சேர்த்துவிடும் அமைப்பு பல பெட்டிகளில் உண்டு. எந்த அறைத் தொலைப்பேசி அது என்பதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். பழைய செப்புக் கம்பி இணைப்புக்கு மின்சாரம் தொலைப்பேசி நிலையத்திலிருந்தே வந்தது. இன்றைய கண்ணாடி இழை இணைப்பில் அப்படி வருவதில்லை. கட்டடத்தில் உள்ள கருவிக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே, மின்கலக் காப்புக் கருவி ஒன்று அவசியம்.

4. இடியும் மின்னலும் மிகுந்த நாடு நம்முடையது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு வெட்டவெளியில் செல்லும் கம்பிக்கு மின்னல் காப்பு பொருத்தப்பட்டதா? பெட்டிக்கு நிலத்தொடர்புக் கம்பி கொடுக்கப்பட்டதா? ஒரு மின்னலில் பெட்டி கருகினால் ஏழு தொலைப்பேசிகளும் ஒருசேர ஊமையாகிவிடும்.

5. எந்தக் கிளையிலிருந்து அழைத்தாலும் மறுமுனைக்குத் தெரிவது பள்ளியின் பொது எண்ணாகவே இருக்கலாம். அழைத்தவர் எந்தக் கட்டடத்தில் நிற்கிறார் என்பது தெரியாது. ஆகவே, ஒவ்வொரு தொலைப்பேசிக்கு அருகிலும் பள்ளியின் பெயர், முகவரி, கட்டடத்தின் பெயர் ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா?

6. சிறுவர்கள் இருக்கும் அறையில் தொலைப்பேசி அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? எங்கள் பாலர் பள்ளியில் அதனைப் பெரியவர்களின் தோளுயரத்தில் மாட்டுவதாக இருந்தது. பின்னர் தாழ்த்தச் சொன்னோம். “பிள்ளைகள் விளையாடிவிடுவார்களே” என்று ஆசிரியை ஒருவர் தயங்கினார். அவருடைய கவலையில் பொருளுண்டு. விளையாடக்கூடாது என்பதைக் கற்பிக்க நாம் இருக்கிறோம். எட்டாத உயரத்தை எந்தப் பாடத்தாலும் எட்டவைக்க முடியாது.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், மூன்றாம் ஆண்டு மாணவர்களை இருவர் இருவராக நூல்நிலையத் தொலைப்பேசிக்கு அழைத்துச் சென்றோம். எழுத்தரை 101-இல் அழைத்து, தங்கள் பெயரையும் நிற்கும் இடத்தையும் நடந்ததாகக் கற்பனை செய்துகொண்ட ஒன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. வகுப்பில் வாயே திறக்காத சிறுவன் ஒருவன், “நான் நூல்நிலையத்தில் இருக்கிறேன். என் நண்பன் கீழே விழுந்துவிட்டான். யாராவது வாருங்கள்” என்று தடுமாறாமல் சொன்னான். கேட்டல் பேச்சுத் திறனுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்றுத்துணைப்பொருள் வேண்டுமா?

ஆசிரிய நண்பர்களே, நாளை பள்ளிக்குச் சென்றதும் அலுவலகத் தொலைப்பேசியின் அருகே சற்று நின்று, “இங்கிருந்து ஒரு பிள்ளையால் 999-ஐ அழைக்க முடியுமா?” என்று கேளுங்கள். விடை தெரியவில்லையென்றால், பெட்டியைப் பொருத்தியவரை அன்றே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.